எழும்பூர் மணலும் நம் கிளப் ஹவுஸ் அறையும்



வரும் பொதுக்குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ஆறாவதாக ஒரு விஷயம் இருக்கிறது. கிளப் ஹவுஸ் தரைத்தளத்தில் உள்ள குழந்தைகள் அறையை வார நாட்களில் மாலை 5 மணி முதல் 8 மணி வரை ஒரு பயிற்சி மையத்துக்கு வாடகைக்கு விடலாமா என்பதுதான் அது. மாதம் 18,000 ரூபாய் தருவதாகச் சொல்கிறார்கள். நம் வாட்ஸ்அப் குழுவில் இதைப் பற்றி இரண்டு வாரமாக விவாதம் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். "ஸ்கூலே பிள்ளைகளின் கற்பனையைக் கொன்றுவிடுகிறது, சாயங்காலமாவது அவர்களை விட்டுவையுங்கள்" என்று ஒரு தரப்பு. "கற்பனை சோறு போடாது. அடிப்படை ஒழுங்காக இருந்தால்தான் மற்றதெல்லாம் வரும்" என்று இன்னொரு தரப்பு.

இரண்டு பக்கமும் எனக்குப் பிடித்தவர்கள் இருக்கிறார்கள். நான் கல்வியாளன் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் குமாஸ்தாவாக 35 ஆண்டுகள் பேரேடு எழுதியவன். ஓய்வு பெற்றபின் பழைய சென்னையைப் பற்றிப் படிப்பது பொழுதுபோக்கு. அப்படிப் படித்ததில், பள்ளிக்கூடம் பிள்ளைகளைச் சொந்தமாக யோசிக்க வைக்கிறதா, யோசிக்க விடாமல் செய்கிறதா என்ற இந்தச் சண்டைக்கு நம் ஊரிலேயே 200 ஆண்டு வரலாறு இருப்பது தெரிந்தது. ஓட்டுப் போடும் முன் அதைச் சொல்லிவிடலாம் என்று ஆசிரியர் குழுவிடம் இடம் கேட்டு வாங்கினேன்.

கோயில் தாழ்வாரத்தில் நான்கு பையன்கள்

கதை சென்னைக்கு வெளியே தொடங்குகிறது. 1623-ஆம் ஆண்டு பியெத்ரோ தெல்லா வல்லே என்ற இத்தாலியப் பயணி இன்றைய கர்நாடகத்தில் உள்ள இக்கேரிக்குப் போகும் வழியில் ஒரு கோயில் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார். அங்கே நான்கு பையன்கள் கணக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். தரையில் மெல்லிய மணலைப் பரப்பி, ஒருவன் பாடத்தை ராகம் போட்டுப் பாடியபடி விரலால் மணலில் எழுதுகிறான். மற்ற மூவரும் அதையே பாடி எழுதுகிறார்கள். மணல் நிரம்பியதும் அழித்துவிட்டு, புது மணல் தூவி மறுபடி தொடங்குகிறார்கள். வாத்தியார் என்று ஒருவரும் அங்கே இல்லை.

பயணிக்கு ஆச்சரியம். தப்பாகச் சொன்னால் யார் திருத்துவது என்று கேட்டிருக்கிறார். நான்கு பேருக்கும் ஒரே இடம் ஒரே நேரத்தில் மறந்துபோக வாய்ப்பில்லை, ஒருவனுக்கு மறந்தால் இன்னொருவனுக்கு நினைவிருக்கும் என்று பையன்கள் பதில் சொல்லியிருக்கிறார்கள். அது சரிதான் என்று அவரும் எழுதி வைத்திருக்கிறார்.

அவர்கள் படித்தது மனப்பாடப் பாடம்தான், கற்பனைக் கதை எதுவும் இல்லை. இருந்தாலும் அந்தப் பதிலைக் கேளுங்கள். தங்களுக்குள் எப்படிப் படித்துக்கொள்வது என்பதை அவர்களே யோசித்து வைத்திருந்தார்கள். இதை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த இடத்துக்கு வாருங்கள்.

எழும்பூரில் ஒரு பாதிரியார்

1787-இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரைச் சேர்ந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் மதராஸுக்கு வந்து இறங்கினார். இன்றைய எழும்பூர் ரயில் நிலைய வட்டாரத்தில் அப்போது ஒரு சிறு கோட்டை இருந்தது. ஐரோப்பியச் சிப்பாய்களின் அநாதைப் பையன்களுக்காக 1789-இல் அங்கே ஓர் இல்லம் தொடங்கினார்கள். பையன்களில் பெரும்பாலோருக்குத் தாய் இந்தியப் பெண். அதற்குப் பொறுப்பாளராகப் பெல் அமர்ந்தார். இந்தப் பணிக்குச் சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பட்டாளப் பாதிரியார் பதவிகள் பல அவர் கையில் இருந்ததால் வருமானத்துக்குக் குறைவில்லை.

அவருக்கு வாய்த்த ஆசிரியர்கள் சரியில்லை. பையன்களுக்கு எழுத்துக் கற்றுக்கொடுக்கவே மாதக்கணக்கில் இழுத்தார்கள். ஒருநாள் காலை பெல் குதிரையில் போகும்போது ஒரு 'மலபார் பள்ளி'யைப் பார்த்தார். அந்தக் காலத்து ஆங்கிலேயர் தமிழையும் தமிழரையும் 'மலபார்' என்றுதான் குறிப்பிட்டார்கள். ஆகவே அது நம் திண்ணைப் பள்ளிதான். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வந்து, நம் பையன்களுக்கும் இப்படியே சொல்லிக்கொடுங்கள் என்றார். இது நடக்காத காரியம் என்று ஆசிரியர்கள் கையை விரித்தார்கள். உடனே பெல், எட்டு வயதுப் பையன் ஒருவனை அழைத்து, "அரிச்சுவடி வகுப்பு இனி உன் பொறுப்பு" என்று ஒப்படைத்துவிட்டார். ஜான் ஃப்ரிஸ்கன் என்பது அந்தப் பையன் பெயர், தகப்பனார் சாதாரணச் சிப்பாய். ஆசிரியர்கள் முடியாது என்று கைவிட்ட வேலையை அந்தப் பையன் செய்து காட்டினான். சின்னப் பிள்ளைகள் மணலில் எழுதி எழுத்துகளைக் கற்றுக்கொண்டார்கள்.

அதன்பிறகு பள்ளி முழுவதும் அப்படியே மாறியது. தெரிந்த பையன் தெரியாத பையனுக்குச் சொல்லிக்கொடுப்பான். தவறு செய்தவர்களின் பெயரை ஒரு கறுப்புப் புத்தகத்தில் எழுதிவைத்து, பையன்களே நடுவர்களாக உட்கார்ந்து விசாரிப்பார்கள். இங்கிலாந்து திரும்பியதும் பெல் இந்த அனுபவத்தை 1797-இல் லண்டனில் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். இதற்கு அங்கே கிடைத்த பெயர் 'மதராஸ் முறை'.

நம் திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை இருந்தது பலருக்குத் தெரிந்திருக்கும். பெரிய பையன் சின்னவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பான். பெல் உலகுக்குப் புதிதாகச் சொன்னது எழும்பூர் சுற்றுவட்டாரத்தில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த ஒன்றுதான். பெல்லாரி கலெக்டர் கேம்ப்பெல்லும் 1823-இல் அனுப்பிய அறிக்கையில், மூத்த மாணவர் இளையவருக்குக் கற்பித்துத் தம் அறிவையும் உறுதிப்படுத்திக்கொள்ளும் இந்த முறையைப் பாராட்டி, இங்கிலாந்து இதைப் பின்பற்றியது சரிதான் என்று எழுதினார்.

திண்ணையை ரொம்பவும் புகழ வேண்டாம்

இதைப் படித்ததும், "பார்த்தீர்களா, நம் பழைய கல்விதான் சிறந்தது" என்று யாராவது குழுவில் போட்டுவிடுவார்கள் என்பதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன்.

ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் மதராஸ் மாகாணப் பள்ளிகளைக் கணக்கெடுக்க உத்தரவிட்டார். 1826-இல் தொகுத்த கணக்கின்படி 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். மாகாணத்தின் மக்கள் தொகை அப்போது சுமார் 1 கோடியே 28 லட்சம். அந்தக் காலத்துக்கு இது பெரிய எண்ணிக்கை. ஆனால் அந்த மாணவர்களில் பெண் பிள்ளைகள் வெறும் 4,540 பேர். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளில் மிகப் பலருக்குத் திண்ணையில் ஏறவே இடமில்லை. உத்தரத்தில் கயிற்றைக் கட்டி, பையன் கைகளால் தொங்கவேண்டிய 'கோதண்டம்' என்ற தண்டனையும் அதே திண்ணையில்தான் இருந்தது. முறையைப் பாராட்டிய அதே கேம்ப்பெல், பிள்ளைகள் பொருள் புரியாமல் செய்யுளை ஒப்பிக்கிறார்கள், நல்ல ஆசிரியர்கள் இல்லை என்றும் குறை சொல்லியிருக்கிறார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. எண்சுவடியில் முந்திரி, காணி, மாகாணி என்று பின்னக் கணக்கை மனப்பாடம் செய்த பையன், சந்தையிலும் வயலிலும் மனக்கணக்காகவே விடை சொல்லிவிடுவான். முந்திரி என்றால் 320-இல் ஒரு பங்கு. கணக்கதிகாரம் போன்ற நூல்களில் பலாப்பழத்தை அறுக்காமல் சுளையை எண்ணுவது எப்படி என்பது மாதிரி விடுகதைக் கணக்குகள் நிறைய வரும். மனப்பாடம் செய்தாலே யோசிக்கும் திறன் போய்விடும் என்று சொல்லிவிட முடியாது. மனப்பாடம் செய்ததைப் பிறகு எதற்குப் பயன்படுத்துகிறோம் என்று பார்க்கவேண்டும்.

கப்பலேறிப் போனபின் நடந்தது

மதராஸ் முறை இங்கிலாந்தில் என்ன ஆனது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அது தொழிற்சாலைகள் பெருகிய காலம். ஏழைப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில், பள்ளிக்குப் பணமோ குறைவு. 1798-இல் லண்டனின் பரோ ரோடில் ஜோசஃப் லங்காஸ்டர் என்ற இளைஞர் இதேபோன்ற முறையில் பள்ளி தொடங்கினார். ஒரே ஆசிரியர், ஒரே பெரிய கூடம், நூற்றுக்கணக்கான பையன்கள். 1811-இல் பெல்லின் முறைக்காக 'தேசியச் சங்கம்' ஒன்று அமைந்தது. 1832-இல் பெல் இறந்தபோது சுமார் 12,000 பள்ளிகள் அவர் முறையில் நடந்ததாகச் சொல்வார்கள். அவரை வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்தார்கள். அவர் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸில் அவர் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் 'மதராஸ் காலேஜ்' என்றுதான் பெயர்.

பெயரும் புகழும் கிடைத்தன. ஆனால் எழும்பூரில் இருந்த உயிர் அங்கே போய்ச் சேரவில்லை. ஃப்ரிஸ்கனிடம் கொடுத்தது பெரியவர்கள் முடியாது என்ற ஒரு வேலையை. லண்டனில் சட்டாம்பிள்ளைக்குக் கொடுத்தது அச்சடித்த கேள்வியும் அச்சடித்த பதிலும். கட்டளை வந்ததும் எல்லோரும் ஒன்றாகச் சிலேட்டைத் தூக்கவேண்டும், ஒன்றாகக் கீழே வைக்கவேண்டும். இந்த முறையைப் புகழ்ந்தவர்களே அதை நூற்பாலை இயந்திரத்தோடும் நீராவி எந்திரத்தோடும் ஒப்பிட்டுத்தான் புகழ்ந்தார்கள். லங்காஸ்டரின் பள்ளியில், குறும்பு செய்த பையனைக் கூடையில் உட்காரவைத்துக் கூரையிலிருந்து தொங்கவிடும் தண்டனை இருந்தது. நம் கோதண்டத்துக்கு இது தம்பி முறை.

செலவு மிச்சம் என்பது எழும்பூரிலேயே பெல்லுக்குப் பெருமையான விஷயம்தான். இங்கிலாந்தில் அதுவே முதல் நோக்கமாகிவிட்டது. ஏழைப் பிள்ளைகள் எல்லோருக்கும் எழுத்தும் கணக்கும் கற்றுக்கொடுக்க வேண்டுமா, அது அவர்களைத் தம் நிலைக்கு மேல் ஆசைப்பட வைக்காதா என்று பெல்லே பின்னாளில் எழுதினார். மணலும் சட்டாம்பிள்ளையும் கொண்ட ஒரே முறைதான் இரண்டு ஊரிலும். நடத்தியவர்கள் பிள்ளைகளிடம் எதிர்பார்த்தது மாறியதும் பள்ளியும் மாறிவிட்டது.

பாஸானால் 2 ஷில்லிங் 8 பென்ஸ்

அடுத்த அத்தியாயம் என்னைப் போன்ற கணக்குக்காரர்களுக்கு எளிதில் புரியும்.

1862-இல் இங்கிலாந்து அரசு, பள்ளிகளுக்குத் தரும் மானியத்தைத் தேர்வு முடிவோடு கட்டிப்போட்டது. ராபர்ட் லோ என்ற அரசியல்வாதியின் ஏற்பாடு அது. ஒரு பிள்ளைக்கு அதிகபட்சம் 12 ஷில்லிங். வருகைக்கு 4 ஷில்லிங், தேர்வுக்கு 8 ஷில்லிங். இன்ஸ்பெக்டர் வந்து வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் ஒவ்வொரு பிள்ளையையும் சோதிப்பார். ஒரு பாடத்தில் தவறினால் 2 ஷில்லிங் 8 பென்ஸ் வெட்டு. ஆசிரியரின் சம்பளமும் இந்த மானியத்தை நம்பியே இருந்தது.

விளைவு எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். வாசிப்புப் புத்தகம் முழுவதையும் பிள்ளைகள் நெட்டுருப் போட்டார்கள். வரலாறு, பூகோளம், படம் வரைதல் எல்லாம் ஓரத்துக்குப் போயின. கவிஞர் மேத்யூ ஆர்னால்ட் அப்போது பள்ளி இன்ஸ்பெக்டராக இருந்தார். அரசு வேலையில் இருந்துகொண்டே இந்தத் திட்டத்தை எதிர்த்து எழுதினார். மதராஸ் மாகாணத்திலும் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதே 'ரிசல்ட் மானியம்' நடைமுறையில் இருந்தது. திண்ணைப் பள்ளி வாத்தியார்களும் இன்ஸ்பெக்டர் வரும் தேதியை எதிர்பார்த்துப் பாடம் நடத்தவேண்டிய நிலை வந்தது.

நான் வேலை பார்த்த கிளையில் மார்ச் மாதக் கடைசி வாரம் நினைவுக்கு வருகிறது. டெபாசிட் இலக்கை எட்டுவதற்காகத் தெரிந்த வியாபாரிகளிடம் கெஞ்சுவோம். மார்ச் 31 அன்று பணம் வரும், ஏப்ரல் முதல் வாரம் போய்விடும். கணக்கில் டெபாசிட் உயர்ந்திருக்கும், உண்மையில் கிளை வளர்ந்திருக்காது. நாங்கள் யாரும் மோசக்காரர்கள் இல்லை. மேலிடம் எதை எண்ணியதோ அதைக் காட்டினோம். அந்த இங்கிலாந்து ஆசிரியர்களும் அப்படித்தான் இருந்திருப்பார்கள்.

முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு 1890-களில் அந்த முறையைப் படிப்படியாகக் கைவிட்டார்கள். அதன் சுவடு எவ்வளவு ஆழம் என்பதை எட்மண்ட் ஹோம்ஸ் என்ற தலைமை இன்ஸ்பெக்டர் 1911-இல் ஒரு புத்தகமாக எழுதினார். தாமும் அந்த இயந்திரத்தை ஓட்டியவர்களில் ஒருவர் என்று அவர் ஒளிக்கவில்லை. அதே புத்தகத்தில் ஒரு நல்ல பள்ளியையும் காட்டுகிறார். சசெக்ஸ் மாவட்டத்தில் சாம்ப்டிங் என்ற கிராமத்துச் சாதாரண ஆரம்பப் பள்ளி. தலைமை ஆசிரியை ஹேரியட் ஃபின்லே-ஜான்சன் வரலாறு, இலக்கியம் எல்லாவற்றையும் நாடகமாக்கினார். வசனம், வேஷம், காட்சி அமைப்பு எல்லாம் பிள்ளைகளே செய்தார்கள். ஒரு காட்சியை எழுதப் புத்தகங்களைத் தேடிப் படித்ததும் அவர்கள்தான். பணக்காரப் பள்ளியோ தனி நிதியோ அல்ல. இன்ஸ்பெக்டர் தலையை எண்ணி மானியம் வெட்டும் பயம் போனபின், ஓர் ஆசிரியை துணிந்து செய்தது அது.

கும்பகோணத்தில் ஒரு டைம்டேபிள்

"பள்ளி மேதைகளை அழித்துவிடும்" என்பவர்கள் தவறாமல் சொல்லும் பெயர் ராமானுஜன். அவர் கதையையும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டும்.

கும்பகோணம் டவுன் ஹைஸ்கூல் அவரை ஒடுக்கவில்லை. சுமார் 1,200 மாணவர்கள், 35 ஆசிரியர்கள் கொண்ட அந்தப் பள்ளியில் யார் எந்த வகுப்பில் என்று ஒழுங்குபடுத்தும் சிக்கலான வேலையைக் கணித ஆசிரியர் கணபதி சுப்பையர் இந்த மாணவனிடமே கொடுத்துவந்தார். ஃப்ரிஸ்கனுக்கு அரிச்சுவடி வகுப்பு மாதிரி ராமானுஜனுக்கு டைம்டேபிள். 1904-இல் கணிதப் பரிசு கொடுத்தபோது, முழு மதிப்பெண்ணுக்கும் மேலே கொடுக்கத் தகுந்தவன் இவன் என்று தலைமை ஆசிரியர் மேடையிலேயே பாராட்டினார்.

அவருக்கு இடறியது எஃப்.ஏ. தேர்வு. எல்லாப் பாடத்திலும் தேறினால்தான் தேர்ச்சி என்பது விதி. கணிதத்தில் மூழ்கி மற்றப் பாடங்களைக் கோட்டைவிட்டார். கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகை போயிற்று. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் 1906, 1907 இரண்டு முறையும் தேறவில்லை. கடைசியில் 1912-இல் மதராஸ் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா. அவரைத் தூக்கிவிட்டவர்கள், விதிக்கு வெளியே அவருடைய நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பார்த்தவர்கள்: கணிதச் சங்கத்தைத் தொடங்கிய வி. ராமசாமி ஐயர், கலெக்டர் ராமச்சந்திர ராவ், துறைமுகத்தின் எஸ். நாராயண ஐயர். கேம்பிரிட்ஜின் ஹார்டி அதற்குப் பிறகுதான் வருகிறார்.

ஆகவே பள்ளி வளர்த்ததா, கெடுத்ததா என்று கேட்டால், ஒரே மனிதர் வாழ்க்கையிலேயே இரண்டும் இருக்கிறது. ஓர் ஆசிரியர் நம்பி வேலை கொடுத்தார், ஒரு விதி வெளியே தள்ளியது.

மறுபடியும் சென்னை, 2003

பெல் எழும்பூரில் மணல் பரப்பி 200 ஆண்டுகள் கடந்து, அதே ஊரில் மாநகராட்சிப் பள்ளிகளில் இன்னொரு முயற்சி நடந்தது. 2003-இல் ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் காலத்தில் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் 'செயல்வழிக் கற்றல்' தொடங்கியது. ஆந்திராவில் மதனப்பள்ளிக்கு அருகே ரிஷிவேலியின் கிராமப் பள்ளிகளில் நடந்துவந்த முறையை மாநகராட்சி ஆசிரியர்கள் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, நம் பாடத்துக்கு ஏற்ப அட்டைகள் தயாரித்தார்கள்.

அந்த வகுப்பைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். பெஞ்சுகள் இல்லை, பாய் விரித்திருக்கும். ஆசிரியையும் பாயில்தான் உட்காருவார். சுவரின் அடிப்பகுதியில் சுற்றிலும் கரும்பலகை, ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஓர் இடம். பாடம் ஓர் ஏணி. அந்த ஏணியில் தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று பிள்ளைக்கே தெரியும். தனக்கான அட்டையைத் தானே தட்டிலிருந்து எடுத்துவரும். வருகையைத் தானே பதியும். ஒரு வாரம் காய்ச்சலில் வராமல் இருந்தாலும் விட்ட படியிலிருந்து தொடரலாம். வெவ்வேறு வகுப்புப் பிள்ளைகள் கலந்து உட்கார்ந்து, தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். 2007-08 வாக்கில் இது தமிழ்நாடு முழுவதும் அரசு ஆரம்பப் பள்ளிகளுக்குப் போயிற்று. பார்ப்பதற்கு வெளிமாநிலங்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள்.

பிறகு நடந்ததும் பழைய கதைதான். மனமுவந்து செய்த பள்ளிகளில் பிள்ளைகள் பயமில்லாமல் பேசினார்கள், கேள்வி கேட்டார்கள். மேலிடத்து உத்தரவாக மட்டும் போய்ச் சேர்ந்த இடங்களில் எத்தனை அட்டை முடிந்தது என்று பதிவேட்டில் காட்டுவதே வேலையாயிற்று. "வீட்டுப்பாடமே இல்லையே, இது என்ன படிப்பு?" என்று பெற்றோர்களும் குறைப்பட்டார்கள். காலப்போக்கில் திட்டம் பலவாறு மாறி, 2022-இல் 1 முதல் 3 வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' வந்தது.

ஆறாவது பொருளுக்கு வருவோம்

இவ்வளவும் படித்ததில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். பள்ளிக்கூடம் என்பதாலேயே கற்பனை வாடுவதில்லை. மணலும் சிலேட்டும் அட்டையும் எல்லாக் காலத்திலும் இரண்டு வகையாகவும் பயன்பட்டிருக்கின்றன. பிள்ளையிடம் உண்மையான ஒரு வேலையை நம்பி ஒப்படைத்த இடத்தில் பிள்ளை வளர்ந்தது. பிள்ளையைக் கணக்கில் ஒரு எண்ணாக மட்டும் பார்த்த இடத்தில் எவ்வளவு நல்ல முறையும் இயந்திரமாகிப் போனது.

எனக்கு இதில் சொந்தக் குற்றமும் உண்டு. என் மகன் எட்டாம் வகுப்பில் ஒரு பழைய ரேடியோவைப் பிரித்துக் கூடம் முழுக்கப் பரப்பி வைத்திருந்தான். அரைப் பரீட்சை நெருங்குகிறது என்று சொல்லி எல்லாவற்றையும் ஒரு அட்டைப்பெட்டியில் அள்ளிப் பரணில் போட்டேன். பரீட்சை முடிந்ததும் எடுத்துக்கொள் என்றேன். அவன் நல்ல மதிப்பெண் வாங்கினான், நல்ல வேலையிலும் இருக்கிறான். வீடு மாறியபோது அந்தப் பெட்டி நான் கட்டிய முடிச்சோடு அப்படியே இருந்தது.

போன மாதம் ஒரு மாலை மின்சாரம் போய், நம் பிள்ளைகள் நான்கைந்து பேர் குழந்தைகள் அறை வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்கள். ஆறாம் வகுப்புச் சிறுமி, ஒன்றாம் வகுப்புப் பையனுக்கு ரூபிக் க்யூப் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். தானே அதற்கு ஒரு பாட்டுக் கட்டியிருந்தாள். எந்தப் பக்கம் எப்போது திருப்புவது என்று பாட்டிலேயே வரும். பையன் தப்பாகத் திருப்பினால் பக்கத்தில் இருந்தவன் கத்துவான். இக்கேரித் தாழ்வாரம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. அந்த நேரம் பார்த்து அவ்வழியே போன நம்மில் ஒருவர், "எல்லாரும் வீட்டுக்குப் போய்ப் படிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. நானும் அதையே சொல்லியிருப்பேன், 25 ஆண்டுகளுக்கு முன்.

பயிற்சி மையம் மோசமானது என்று நான் சொல்லவரவில்லை. கணவன் மனைவி இருவரும் வேலையிலிருந்து எட்டு மணிக்குத் திரும்பும் வீடுகள் நம் குடியிருப்பில் நிறைய. பிள்ளைகள் அதுவரை பாதுகாப்பாக ஓரிடத்தில் இருக்கவேண்டும் என்ற அவர்கள் கவலை நியாயமானது. படிப்பில் உதவி தேவைப்படும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆனால் அதற்கு வெளியே வேறு இடங்கள் உண்டு. யாரும் மதிப்பெண் போடாத அறை நம் வளாகத்தில் இது ஒன்றுதான்.

வரவு செலவுக் கணக்கையும் பார்த்துவிடுவோம். 18,000 ரூபாயை 144 வீடுகளுக்குப் பிரித்தால் வீட்டுக்கு மாதம் 125 ரூபாய். இந்தத் தொகைக்காக அறையை விடவேண்டாம் என்பது என் கருத்து. மெயின்டனன்ஸ் கட்டவே சிரமப்படும் வீடுகள் இருந்தால், அது பொதுக்குழு தனியாகப் பேசவேண்டிய விஷயம்.

அதற்குப் பதிலாக ஒரு யோசனை. மாலை 5 முதல் 8 வரை அறையில் பெரியவர் ஒருவர் இருக்கட்டும். பணி ஓய்வு பெற்றவர்கள் நம்மில் இருபது பேருக்கு மேல் இருக்கிறோம், முறை வைத்துக்கொள்ளலாம். உட்காருகிறவர் பாடம் நடத்தக்கூடாது, பிள்ளைகள் கேட்டால் ஒழியத் திருத்தவும் கூடாது. அடிதடி, அடிபடுதல் இரண்டையும் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். வீட்டுப்பாடம் செய்ய விரும்பும் பிள்ளைகளுக்கு ஒரு மூலையில் மேஜை. அறையை ஒழுங்காக வைப்பது, புத்தகங்களைக் கணக்கு வைப்பது, சின்னவர்களுக்கு விளையாட்டுச் சொல்லித்தருவது எல்லாம் பெரிய பிள்ளைகள் பொறுப்பு. யார் எத்தனை புத்தகம் படித்தார்கள் என்று நோட்டீஸ் போர்டில் பட்டியல் போடவேண்டாம், பரிசும் அறிவிக்கவேண்டாம். போட்டால் என்ன ஆகும் என்று மேலே 2 ஷில்லிங் கதையில் பார்த்தோம்.

ஆறு மாதம் இப்படி நடத்திப் பார்த்துவிட்டு, சரிவரவில்லை என்றால் பயிற்சி மையத்தைப் பற்றி மறுபடி பேசலாம். செவ்வாயும் வெள்ளியும் என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். மற்ற நாட்களுக்கு முன்வருகிறவர்கள் கூட்டத்துக்கு முன்பே செயலாளரிடம் பெயர் கொடுத்தால், ஆறாவது பொருள் வரும்போது வெறும் பேச்சாக இல்லாமல் ஒரு பட்டியலோடு பேசலாம்.